நிறுத்தம்

வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு ஒன்றே ஒன்று.
அதனால் என் அலுவலகம்
தண்ணீர் இல்லாத குளியல்தொட்டி.
முதுகுக்கு ஒரு தலையணை.
விளிம்புகளின் குறுக்கே இஸ்திரிப் பலகை,
அதன்மேல் கம்பெனி தந்த மடிக்கணினி.
காலை எட்டுக்கு ஹெட்போனை மாட்டினால்
மாலை ஐந்துவரை
பாதி ஐரோப்பா என்னைத் திட்டும்.

விமானங்கள் எல்லாம் தரையில்.
டிக்கெட் பணம் மட்டும் எங்கோ
பறந்துகொண்டிருந்தது.
திருப்பித் தரும் பொத்தான் என் திரையில் உண்டு,
சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாதபடி.
"தொண்ணூறு வேலைநாள்" என்பேன்.
சொல்லிச் சொல்லி அந்த எண் தேய்ந்து
சோப்புத் துண்டாகிவிட்டது,
வாயில் நிற்பதில்லை.
ஒரு மணமகன் கத்தினான்:
தேனிலவுக்கு முன்பே விவாகரத்து வந்துவிடும்.
ஒரு முதியவர், இதே கௌனாஸ்காரர்,
என் தெருவாகக்கூட இருக்கலாம்,
பணம் வேண்டாம் என்றார்.
டப்ளினுக்குப் போகவேண்டும்.
மகனை அங்கே குப்புறப் படுக்கவைத்திருக்கிறார்கள்,
மூச்சுக்காக.
அதற்கு என்னிடம்
சாம்பல் நிறத்தில்கூடப் பொத்தான் இல்லை.

கம்பெனியிலிருந்து கடிதம்:
வியாழன் மூன்றரைக்கு மன அழுத்த மேலாண்மை.
கட்டாயம் கலந்துகொள்ளவும்.
வெள்ளைச் சட்டை, பின்னால் ஒரு மூங்கில் தொட்டி.
"நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள்" என்றார்.
இழுத்தோம், எழுபத்திரண்டு பேர்.
"அப்படியே பிடியுங்கள்" என்றார்.
இணைப்பு உறைந்துவிட்டது.
பாதி திறந்த வாயோடு அவர் திரையில் நிற்க
விடச் சொல்ல யாருமில்லை.
என் முழங்காலுக்கு மேல் குழாய் சொட்டியது.
பதினோராவது சொட்டில்
நானாகவே விட்டுவிட்டேன்.

ஜீத்ரூனாஸ் டிராலிபஸ் ஓட்டுகிறான்.
அந்த ஏப்ரலில் ஏற ஆளில்லை,
ஆனால் கால அட்டவணைக்கு நோய் வரவில்லை.
பீட்ரூட் துருவிக்கொண்டே சொன்னேன்:
எங்கேயாவது போகவேண்டும்.
விரல் நுனியெல்லாம் சிவப்பு.
"கடைசி நடை ஒன்பது பத்துக்கு" என்றான்.

கணவன் என்றாலும் டிக்கெட் டிக்கெட்தான்.
ஓட்டுநரோடு பேசக்கூடாது என்று
அவன் முதுகுக்குப் பின்னால் எழுதி
நாடா கட்டியிருந்தார்கள்.
கடைசி இருக்கையில் முகக்கவசத்தோடு உட்கார்ந்தேன்.
சவனோரியு சாலை நெடுக
ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நின்றது.
மூன்று கதவுகளும் திறந்தன.
குளிர் ஏறியது. வேறு யாரும் ஏறவில்லை.
யாரும் இறங்கவில்லை.
பணம் எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை.
கதவுகள் மூடின.
அடுத்த நிறுத்தத்திலும் அதே மரியாதை.
ஏழாவதிலோ எட்டாவதிலோ
தூங்கிவிட்டேன் போல.

வீட்டுக்கு வந்து, அவன் ஷூ கழற்றும்போது கேட்டேன்:
ஆளில்லாத இடத்தில் ஏன் திறக்கிறாய்?
"ரூல்" என்றான். "வேறென்ன?"

மறுநாள் ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும்
அடுத்ததை உடனே எடுக்கவில்லை.
இருபது வினாடி.
பலகையிலிருந்து கையை எடுத்து
தொட்டியின் எனாமல்மேல் வைத்துக்கொண்டேன்.
சில்லென்றிருந்தது.
மேலாளர் எகிதியுஸ் சிவப்பு எழுத்தில் கேட்டான்:
இடைவெளி அதிகம், காரணம்?
"நிறுத்தம்" என்று தட்டினேன்.
ஒரு கேள்விக்குறி வந்தது.
அதற்கும் இருபது வினாடி கொடுத்தேன்.

வெள்ளியன்று அந்த முதியவர் மறுபடி வந்தார்.
ஆவணப்படி நான் சொல்லவேண்டியது தொண்ணூறு.
மகன் பெயர் என்ன என்று கேட்டேன்.
தௌரிமாஸ் என்றார், எழுத்தெழுத்தாக,
நான் எங்கோ பதிவு செய்வதாக நினைத்து.
பதிவு செய்தேன், ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம்.
நேற்று அவனை நிமிர்த்திப் படுக்கவைத்துவிட்டார்களாம்.
அது நல்லதா கெட்டதா என்று
ஃபோனில் அவர்கள் பேசிய ஆங்கிலத்தில்
அவருக்குப் புரியவில்லை.
எனக்கும் தெரியவில்லை.
இருவரும் கொஞ்சநேரம் இணைப்பில் இருந்தோம்.

அவர் வைத்த பிறகு இருபது வினாடி போதவில்லை.
வரிசையில் நாற்பத்தொரு பேர்
வாத்திய இசை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
குழாய் சொட்டியது.
கதவைத் தட்டினாள் ஊர்தே:
"அம்மா, இன்றைக்காவது நான் குளிக்கலாமா?"